நிலாவை மட்டும் தமிழில் சொல்லவில்லை

என்னங்க,

நேரில் கேட்டால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள். அதனால்தான் உங்கள் சாப்பாட்டுத் தூக்கில் இதை வைக்கிறேன்.

காரைக்காலில் இங்கிலீஷ் வகுப்பு முடிந்து வந்து, தினமும் அன்றைய பாடத்திலிருந்து பூமியைப் பற்றி ஒன்று சொல்கிறீர்கள். பூமி சரியான உருண்டை இல்லை, இடுப்பில் பெருத்திருக்கிறது என்று இங்கிலீஷில் சொல்லி, தமிழிலும் சொல்லி, என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

நேற்று நிலாவைப் பற்றிச் சொன்னதை மட்டும் தமிழில் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அது ஒண்ணுமில்ல, சோத்தப் போடு" என்றீர்கள். காதில் விழுந்ததைப் பக்கத்து வீட்டு தேவிகா டீச்சரிடம் அப்படியே ஒப்பித்தேன். நிலா வருஷா வருஷம் பூமியை விட்டுக் கொஞ்சம் விலகிப் போகிறதாம்.

இங்கே நெரவியில் நம் வயலில் நெல் விளைவிக்க இங்கிலீஷ் எதற்கு? பரண்மேல் ஒளித்து வைத்திருக்கும் புதுப் பயணப் பெட்டி எதற்கு?

விலகினாலும் நிலா பூமியைச் சுற்றுவதை நிறுத்தவில்லையாம். நீங்கள்?

இப்படிக்கு,
இடுப்பு பெருத்த பூமி