கிறீஸ் காணாத ஸ்டியரிங்

புரட்டாதி, வெள்ளி இரவு.

இன்று மாலை சோதனைச் சாவடியில் என் உழவு இயந்திரம் தார்ப் பீப்பாவில் முட்டிவிட்டது. ஓட்டியவன் பக்கத்து வளவு நடராசா. வளைந்து வளைந்து போகும்படி அங்கே பீப்பாக்களை வைத்திருக்கிறார்கள். எங்கள் ஸ்டியரிங்கை அரை வட்டம் சுற்றிய பிறகுதான் முன் சில்லு திரும்பும். காவலில் நின்ற சிப்பாய் துப்பாக்கியை நீட்டினான். நடராசா பயத்தில் இரண்டு கையையும் தூக்க, இயந்திரம் நிற்காமல் சிப்பாயை நோக்கியே உருண்டது. பின் சில்லுக்கு மேலே மட்காட்டில் இருந்த நான் எட்டி எஞ்சினை நிறுத்தினேன். நல்ல காலம், அவன் சுடவில்லை.

வீட்டுக்கு வந்து நடராசாவுக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினேன். எண்ணெய் விடாத கதவு கிரீச்சிட்டாவது சொல்லும், கிறீஸ் பூசாத ஸ்டியரிங் மூட்டு சத்தமில்லாமல் தேயும் என்றேன்.

“கிறீசுக்கு எங்க போறது மாஸ்டர்? டவுனில இருந்து கொண்டுவரச் சாவடியில விடுறாங்களே? என்ர நெல்லு களத்தில கிடக்கு, மழையும் இருட்டுது. நான் இழுத்துப் பிடிச்சு ஓட்டுவன்.”

“ஏலாது நடராசா. மூட்டு மாத்தும்வரை சாவி என்னட்ட இருக்கட்டும்.”

“அப்ப நெல்லை நீங்களே தலையில சுமந்து வாங்கோ.”

தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டான். பிள்ளைகள் கனடா போனபின் இந்த வீட்டுக்கு வந்து கதைக்கிற ஒரே ஆள் அவன்தான். நாளை வரமாட்டான். கோபத்தோடு என்றாலும் உயிரோடு தன் வீட்டில் இருப்பான்.

விடிந்ததும் அவன் நெல்லுக்கு ஒரு மாட்டுவண்டி தேட வேண்டும். கிடைத்தால், அதை அவனிடம் போய்ச் சொல்ல யாரை அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.