பழைய பெயரில் வந்த பில்

என்னங்க,

நானும் பாப்பாவும் நலம். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

கரண்ட் பில்லில் பெயர் மாற்ற நேற்று அலுவலகத்துக்குப் போனேன். பில் இன்னும் நமக்கு முன்பு குடியிருந்த பெண்ணின் பெயரில்தான் வருகிறது; அவள் அங்கே கட்டிய முன்பணத்தைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லையாம். வீட்டு ஓனரிடம் விசாரித்தேன்.

"அது அம்மாவோடயே இருக்கப்போறேன்னு ஊருக்குப் போயிடுச்சும்மா" என்றார். மொழி தெரியாத இந்த ஊரில் ஓனர் நம் மொழி பேசுகிறவர் என்றுதானே இந்த வீட்டை எடுத்தோம்.

இன்று காலை அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. தப்புதான், பிரித்துவிட்டேன். அவளுடைய அம்மா எழுதியிருந்தார். "எட்டு மாசமா ஒரு தகவலும் இல்லையே கண்ணு. அம்மா மேல கோபமா?"

படித்துக்கொண்டிருக்கும்போதே ஓனர் தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே வந்தார். மீட்டர் பார்க்கவாம். கடிதத்தைப் பாப்பாவின் போர்வைக்குள் செருகினேன்.

"சார் கப்பல்லேர்ந்து எப்பம்மா வருவாரு?"

"இன்னைக்கு வந்துடுவாரு" என்றேன். சிரித்துக்கொண்டே போனார். மீட்டர் வெளியே, மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இதைப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். புகார் எழுதிக்கொண்டிருந்தவர், நம் முகவரியைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் அந்த வீடா?" என்றார்.

உங்கள் குரலுக்குக் காத்திருக்கும்,
பாப்பாவின் அம்மா