துடைத்துவிட்ட எழுத்து

தை 11, ஞாயிறு.

பழைய ரயில் ஸ்டேஷனைப் புதுப்பிக்க ஞாயிறுதோறும் சம்பளமில்லாமல் போகிறோம். இன்று கூட்ஸ் பெட்டியைத் துடைப்பது என் முறை. பெட்டி முழுக்க சாக்பீஸ் கோடு. முப்பது வருசம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள் நான். துணியில் சாக்பீஸ் தெரிந்தால் அந்த பீஸ் பாக்கிங்குக்கே போகாது. வேஸ்ட் துணியை நனைத்து ஒரு கோடு விடாமல் துடைத்தேன்.

எங்களோடு வேலைக்கு வரும் பெயிண்டர் ஷாநவாஸ் பெயிண்ட் டப்பாவோடு வந்தார்.

“ஏனுங்கம்மா, நான் வரைஞ்ச எழுத்தெல்லாம் எங்கீங்க?”

“நாந்தானுங்க தொடச்சேன். பாருங்க, ஒரு பொட்டுக் கறை இல்லை” என்றேன் பெருமையாக.

மங்கிப்போன பழைய எழுத்தை விரலால் தடவித் தடவி, அதன்மேல் பெயிண்ட் அடிக்க இரண்டு வாரமாக அவர் சாக்பீஸில் கோடு போட்டிருக்கிறார். அப்படியே தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“போச்சாதுங்க, போனாப் போகுது. அடுத்த வாரம் நீங்க டீ மட்டும் போடுங்க.”

திட்டியிருக்கலாம். டீ போடவா நான் பஸ் ஏறிப் போகிறேன்?

வீட்டில் பேத்தி கேட்டாள்: “இன்னைக்கு என்ன வேலைங்க அம்மாயி?”

“பெட்டி தொடச்சேன் கண்ணு.” அவ்வளவுதான் சொன்னேன்.

தோள் வலியில் விட்டுப்போகிறது. அந்தத் துணி இன்னும் பையில் இருக்கிறது, வெள்ளை வெள்ளையாக. அவருடைய இரண்டு வாரமும் அதில்தான். துவைக்கக் கை வரவில்லை.