வெள்ளையும் ஆரஞ்சும்

என்னங்க,

திருநகரில் தங்கச்சி மகளுக்கு வளைகாப்பு. பாண்டியன் பஸ் பிடித்துப் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் வந்துவிடுவேன்.

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்படியில் மூடியிருக்கின்றன. சாப்பிட்ட பிறகு, தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பொட்டலத்தைப் பிரியுங்கள். வெள்ளை மாத்திரையும் ஆரஞ்சு மாத்திரையும் ஒன்றாக வைத்திருக்கிறேன். இரண்டையும் போட வேண்டும். ரத்தம் கட்டி மறுபடியும் மூளைக்குப் போகாமல் இருக்க இரண்டும் சேர்ந்தே வேண்டும் என்று டாக்டர் உங்களிடம்தானே சொன்னார்?

உங்கள் கூட்டாளி யூனுஸ் அண்ணனுக்கும் கை மரத்துப் போகிறதென்று வெள்ளையை அவருக்குக் கொடுத்துவிட்டு, ஆரஞ்சை மட்டும் நீங்கள் போட்டு வந்திருக்கிறீர்கள். கேட்டால், "ஆளுக்கு ஒண்ணு போட்டா ரெண்டு பேரும் பொழைச்சுக்குவோம்ல" என்கிறீர்கள். ஒரு டீயை ஆளுக்குப் பாதி குடிப்பது மாதிரியா இது? அதனால்தான் நேற்று அவர் கடையிலேயே வைத்துச் சத்தம் போட்டேன். கோபம் இருந்தால் இருக்கட்டும். நான் சொன்னது சரிதான்.

நாளைக் காலையில் அண்ணனை அதே டாக்டரிடம் கூட்டிப் போகிறோம், நீங்களும் வாருங்கள். அண்ணன் சம்சாரம் சபியாவிடம் பேசி முடித்துவிட்டேன். இன்று மதியம் அண்ணனையும் சாப்பிடக் கூப்பிடுங்கள். குழம்பு இரண்டு பேருக்கும் காணும். அதைப் பங்கு போடுங்கள்.

சோலையம்மாள்

மறந்துவிட்டேன்: மாத்திரை போட்டதும் இந்தச் சீட்டின் பின்பக்கம் உங்கள் பேரை எழுதி வையுங்கள், போன மாதம் டம்ளரை நழுவவிட்ட அதே கையால். நான் வந்ததும் என்னோடு பேச மாட்டீர்கள், தெரியும். எழுத்து கோணாமல் இருந்தால் எனக்கு அது போதும்.