மூன்று கட்டையில் டிலானி

என் உயிர்ச் சினேகிதி ஸ்டெல்லாவுக்கு,

கச்சான் காற்று தொடங்கிவிட்டது. ஊரில் பாதிப் போட்டுகள் கரையில் ஏறிக் கிடக்கின்றன. உன் மனுசன் கடலுக்குப் போகாமல் வீட்டில் இருந்து சின்னவனுக்குப் பாண் வெட்டிக் கொடுக்கிறார். பார்த்தால் நீ சிரித்திருப்பாய். ஒரு துண்டு செங்கல் மாதிரி, அடுத்தது கடதாசி மாதிரி.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்கு இதற்குள் விளங்கியிருக்கும். பிழை செய்துவிட்டு வந்தால் நான் முதலில் சாப்பாட்டைப் பற்றித்தான் கதைப்பேன் என்று நீயே எத்தனை முறை என்னைப் பிடித்திருக்கிறாய். சரி, சொல்லிவிடுகிறேன். நான் உனக்கு ஒரு பொய் சொன்னேன். அதை நம்பிக்கொண்டே நீ போய்விட்டாய்.

வலயப் போட்டிக்கு எங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் குழுப்பாட்டுப் பாடிய அன்றைக்கு, அந்த நோய் வருத்தத்தோடும் ஓட்டோ பிடித்து வந்தாயே. முதுகுக்குத் தலையணை வைத்து முன்வரிசைக் கதிரையில் இருந்தாய். பாட்டு முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய்: "பதினாலு பேருக்குள்ளயும் என்ட புள்ளைட குரல் தனியாக் கேட்டுச்சுடி. நீதான் அவள ஆளாக்கின."

"ஓம், நல்லாப் பாடினாள்" என்றேன் நான். டிலானி பக்கத்தில்தான் நின்றாள். என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உன் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

உன் மகள் அன்றைக்குப் பாடவே இல்லை, ஸ்டெல்லா.

போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிற சங்கீத ரீச்சர்மாருக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியில் யாரும் சொல்லமாட்டோம். சுருதியில் நிற்காத பிள்ளையை விலக்கினால் ஆள் குறையும், தாய் தகப்பன் சண்டைக்கு வருவார்கள். ஆகவே அந்தப் பிள்ளையை இரண்டாம் வரிசையில் நிற்பாட்டி, "நீ வாயை மட்டும் அசை" என்று மெதுவாகச் சொல்லிவிடுவோம். அந்த முறை மூன்று பேரிடம் சொன்னேன். ரொஷான், மெரினா, பிறகு உன் டிலானி. ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்தி நின்றவள் நான். சொல்லும்போது எனக்கு நாக்குக்கூடத் தடுமாறவில்லை.

எங்களுக்கு இரண்டாம் இடம் கிடைத்தது. அதிபர் பிள்ளைகளுக்கு ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார். டிலானி தன்னுடையதைத் தம்பிக்கென்று கடதாசியில் சுற்றி வைத்துக்கொண்டாள். முன்பெல்லாம் பள்ளியில் என்னை ரீச்சர் என்பாள், வீட்டில் மாமி என்பாள். அதற்குப் பிறகு வீட்டிலும் ரீச்சர்தான். பிள்ளை மரியாதை பழகிவிட்டாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன். எவ்வளவு வசதியான நினைப்பு, பார்.

உன் முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு கிழமையிருக்கும். அப்போது ஒரு பின்னேரம் உன் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் பைப்படியில் டிலானி கீரிமீன் கழுவிக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டும் இருந்தாள். அதே போட்டிப் பாட்டு. ஒரு சுரம் தவறவில்லை. வேலி ஓரம் நின்று போனில் இருக்கிற சுருதிப் பெட்டியைத் திறந்தேன். ஐந்து கட்டை, சேரவில்லை. நாலுக்கு இறக்கினேன், இல்லை. மூன்றில் வைத்தேன். அவள் குரல் வந்து அதில் அப்படியே உட்கார்ந்தது.

சண்டை முடிந்து பாதை திறந்ததும் நான் யாழ்ப்பாணம் போய்ச் சங்கீதம் படித்தவள். அங்கே பெண்பிள்ளைகள் நாங்கள் எல்லாரும் ஐந்து கட்டையில் பாடினோம். ஊருக்கு வந்தும் ஐந்தைத் தாண்டி யோசித்ததில்லை. ஏறமுடியாத உயரத்தில் பாட்டை வைத்துவிட்டு, ஏறாத பிள்ளைக்குச் சுருதி இல்லை என்று முடிவு கட்டினேன். படித்த படிப்புக்கு இது போதாதா?

சுருதியின் உயரத்தைத்தான் கட்டை என்பது என்று ஒருநாள் உனக்கு விளக்கினேனே. "அப்ப எனக்கு எத்தின கட்டைடி?" என்று ஆசையாகக் கேட்டாய். உனக்கு ஒரு கட்டையும் இல்லை என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். கோயிலில் பாட்டு வரும்போதெல்லாம் நீ வாயை மூடிக்கொண்டு நிற்பாய். உனக்கும் மூன்று கட்டையாக இருந்திருக்குமோ? ஒருதரம் வைத்துப் பார்த்திருக்கலாமே நான்.

வேலிக்குப் பின்னால் என்னைக் கண்டதும் டிலானி பாட்டை நிறுத்திவிட்டாள். "ஏன் நிப்பாட்டின? பாடு" என்றேன்.

"பாடல்ல ரீச்சர். சும்மா வாயத்தான் அசைச்சேன்."

அந்தப் பைப்படியிலேயே குந்தி, மீனுக்குப் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "பிழை உன்னில் இல்லை, நான் வைத்த சுருதியில்தான்" என்றேன். "உன் அம்மாவிடமும் பொய் சொன்னேன்" என்றேன். அழுதது நான்தான். அவள் மீனைக் கழுவி முடித்து, கையை உதறிவிட்டுக் கேட்டாள்: "மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிட்டீங்களா?"

மற்ற இரண்டு பேரை நான் நினைத்தே பார்த்திருக்கவில்லை. உன் மகள் என்பதால்தான் எனக்கு அவ்வளவு வலித்தது. அதையும் அந்தப் பிள்ளைதான் எனக்குக் காட்டவேண்டியிருந்தது.

மறுநாளே இரண்டு வீட்டுக்கும் போனேன். மெரினாவின் தாய் தேத்தண்ணி கொடுத்து, "அதுக்கென்ன ரீச்சர், சின்ன விசயந்தானே" என்றாள். மெரினா உள்ளே போனவள் வெளியே வரவில்லை. திரும்ப என் முன்னால் வர அவளுக்கு ஒரு மாதம் எடுத்தது.

உன் ஆண்டுப் பூசைக்குப் பாடச் சொல்லி டிலானியிடம் கேட்டேன். தனியே பாடமாட்டாளாம். அந்த இரண்டு பேரும் நின்றால் பாடுவாளாம். இப்போது சனிக்கிழமைகளில் உன் வீட்டு முற்றத்தில் மூன்று பேரும் பழகுகிறார்கள். ரொஷானுக்குக் குரல் உடைகிற வயது, அவனுக்கு மூன்று கட்டையும் உயரம். போன கிழமை நான் பழக்கதோசத்தில் சுருதியை ஏற்றி வைத்துவிட்டேன். டிலானி திரும்பி, "இறக்குங்க ரீச்சர்" என்றாள். இறக்கினேன். "இன்னும் கொஞ்சம். இவனுக்கும் எட்டணும்" என்றாள். இன்னும் இறக்கினேன்.

அன்றைக்கு நீ கேட்டது என்ன, ஸ்டெல்லா? பைப்படியில் தினமும் கேட்ட குரலையா அந்த மண்டபத்திலும் கேட்டாய்? இல்லை, எல்லாம் தெரிந்துகொண்டேதான் பிள்ளைக்காக அப்படிச் சொன்னாயா? இனி யாரிடம் கேட்பேன்?

ஒன்று மட்டும் உனக்கு வாக்குத் தருகிறேன். இனி என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் வாயை மட்டும் அசைக்காது. பிள்ளை சுருதிக்கு வராவிட்டால் சுருதியைப் பிள்ளையிடம் கொண்டுபோவேன். வருகிற பூசையில் காதைக் கொடுத்துக் கேள். அன்றைக்குக் கேட்பது உன் மகளின் குரல்தான். அதில் பொய் இல்லை.

இன்னும் ரீச்சராகவே இருக்கிற,
உன் பிள்ளையின் ஞானத்தாய்
ஜெசிந்தா