கண்ணாடியில் பழைய சீட்டு

அன்புள்ள அப்பாவுக்கு, வணக்கம். உங்களுக்குத் தெரியட்டும் என்று பெரிய எழுத்தில் எழுதுகிறேன். நான் நலம்.

பார்சலைக் கொடுக்க மூன்று மாடி ஏறி இறங்குவதற்குள், தெருவில் நிறுத்திய வண்டிக்கு அபராதச் சீட்டு வந்துவிடுகிறது. இந்த மாதம் ஐந்து. ஏற்கெனவே அபராதம் போட்டாயிற்று என்று நினைத்து விட்டுவிடட்டுமே என, போன வாரச் சீட்டையே வண்டியின் கண்ணாடியில் செருகிவைத்தேன். அபராதம் எழுதுகிற சீட்டுக்காரர் அதை எடுத்துப் பார்த்தார்.

"தம்பி, இது நான் எழுதினதுதானே? எல்லாத்தையும் கட்டிடுங்க, இல்லேன்னா வண்டியத் தூக்கிடுவாங்க."

சொல்லிக்கொண்டே ஆறாவதை எழுதினார். இந்த ஊரில் என்னைத் தம்பி என்பவர் அவர் ஒருவர்தான்.

வண்டி போனால் வேலையும் போகும். உங்கள் கண் ஆபரேஷனுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டிவிட்டேன். டாக்டரிடம் இரண்டு மாதம் தவணை கேளுங்கள். அம்மாவிடம், டாக்டர்தான் தள்ளிப்போட்டார் என்று சொல்லிவிடுங்கள்.

அவசரத்தில்,
உங்கள் மகன்