துளைக்குள் விட்ட தோல்

கடலூர் ஓ.டி.,
11-11-1968

மாப்பிள்ளை ஞானசேகரன் அவர்களுக்கு உங்கள் மாமனார் சுப்பராயலு எழுதுவது.

இன்று காலை நான் கொடுத்த தந்தி இதற்குள் கிடைத்திருக்கும். அதைப் பார்த்து உங்கள் பவர் ஹவுஸ் சூப்பரின்டெண்ட் சிரித்தும் இருப்பார். அஸ்ஸாமில் ஓர் ஊருக்கே விளக்கெரிக்கும் டர்பைனைக் கடலூர்ப் பட்டறைக்காரன் சொன்னான் என்று யார் நிறுத்துவார்கள்? அதனால்தான் காரணத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டு அனுப்புகிறேன். இதை அவரிடம் காட்டுங்கள். தமிழ் தெரியாதவர் என்றால் வரிக்கு வரி சொல்லுங்கள். எனக்காக ஒரு வரியையும் விழுங்க வேண்டாம்.

நான் செப்பனிட்டு அனுப்பிய ஒன்பது டர்பைன் பிளேடுகளையும் உடனே கழற்ற வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் ஒற்றைப் புள்ளி குத்தியிருக்கிறேன். தேடச் சிரமம் இராது.

சித்திரை மாத விடுமுறையில் அவற்றை டிரங்குப் பெட்டியில் வைத்து நீங்கள் கொண்டுவந்தது நினைவிருக்கும். பிளேடுகளை ஒன்றோடொன்று கட்டும் கம்பி அறுந்து, அதன் துண்டு துளைக்குள்ளேயே இறுகிவிட்டது. டிரில் போட்டால் டிரில் தேய்கிறது, பிளேடு தேயவில்லை. வெளிநாட்டிலிருந்து புதிது வரவழைக்க லைசென்ஸ் கிடைக்கவில்லை. என் ஸ்பார்க் மிஷினில் மண்ணெண்ணெய்த் தொட்டிக்குள் பிளேடை முக்கி, பித்தளைக் குச்சியைக் கிட்டக் கொண்டுபோய்ப் பொறி பறக்கவிட்டு, ஒன்பதிலும் கம்பியைக் கரைத்து எடுத்தேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பழைய ரேடியோ சாமான்களை வைத்துக் கட்டிய மிஷின் அது. சென்னையில் இரண்டு கம்பெனிகள் முடியாது என்று கைவிரித்த வேலை. அதை இன்றைக்கும் மறுக்க யாராலும் முடியாது.

அன்று நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, தொளைக்குள்ள வெள்ளையா ஒரு தோலு நிக்குது பாருங்க. பொறி பட்டு உருகி உறைஞ்சது. எமரி போட்டுத் தேச்சு அதை எடுத்தாத்தான் ஆச்சு" என்றீர்கள். பட்டறையில் நாலு பேர் நின்றார்கள். "அது நீங்க படிச்ச தோலு மாப்ளே, இது நான் தொட்ட தோலு" என்று நான் சொன்னதும் அவர்கள் சிரித்தார்கள். நீங்கள் முகம் சுருங்கிப் போனீர்கள். இருந்தாலும் ஊருக்குப் புறப்படும்போது, தேய்க்காமல் அனுப்பிவிடாதீர்கள் மாமா என்று இன்னொரு தரம் கெஞ்சிவிட்டுத்தான் பஸ் ஏறினீர்கள்.

நான் தேய்க்கவில்லை.

பார்சலோடு வைத்த சீட்டில் "சொன்னபடி தேய்த்தாயிற்று" என்று எழுதினேன். அது பொய். துளையின் இரண்டு வாயையும் மட்டும் பளபளக்கத் தேய்த்தேன். உள்ளே குச்சிகூட விடவில்லை. நீங்கள் வெளியே பார்த்து நம்பியிருப்பீர்கள். சோம்பலால் செய்ததல்ல. பத்து வருஷமாக அச்சுக்கட்டைகளிலும் புஷ் வளையங்களிலும் அந்தத் தோலை நான் எடுத்ததே இல்லை. அது இரும்பைவிடக் கடினம். தேயாமல் காத்தது. கம்பி உரசும் துளைக்கும் அதுவே காவல் என்று நம்பினேன். அச்சுக்கட்டை ஒரே இடத்தில் கிடப்பது, பிளேடு நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றுவது என்பதை நான் யோசிக்கவில்லை. மருமகன் சொல்லி நான் கேட்பதா என்பதும் இருந்தது. அதையும் எழுதிவிட்டேன்.

சென்ற செவ்வாய் நடந்ததைச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் சபாபதியின் ரைஸ் மில்லில் பழைய கப்பல் எஞ்சின் ஒன்று ஓடுகிறது. அதன் புகையிலேயே சுற்றிக் காற்றைத் தள்ளும் ஒரு சக்கரம் உண்டு. உங்கள் டர்பைனுக்குத் தம்பி மாதிரி. அதிலும் இதே மாதிரிக் கம்பி அறுந்து, ஆவணியில் நான்தான் இதே மாதிரிப் பொறி வைத்துக் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அது வெடித்தது. ஒரு பிளேடு கூட்டைக் கிழித்துக்கொண்டு வந்து எஞ்சின் டிரைவர் தங்கராசுவின் கழுத்தில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வரைக்கும்கூடப் போகவில்லை. பொன்னியை உங்களுக்குக் கட்டிக்கொடுத்த அன்று பந்தியில் ஓடியாடிப் பரிமாறினானே, அந்தத் தங்கராசுதான்.

நான் போனேன். சபாபதி எல்லோருக்கும் கேட்கும்படி, "எத்தினி வாட்டி சொன்னேன், வேகத்த ஏத்தாதடா ஏத்தாதடான்னு. கேட்டானா?" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தங்கராசு பெண்சாதி செல்லாயி என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க மேஸ்திரி, அவுரு அப்பிடி ஓட்டுற ஆளா?" என்று கேட்டாள். நான் சாம்பல் குழியில் கிடந்த ஒரு பிளேடுத் துண்டை வேட்டியில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன்.

அந்தத் துண்டு துளையின் குறுக்காகத்தான் உடைந்திருக்கிறது. லென்ஸில் பார்த்தேன். தோலில் தலைமயிர் மாதிரிப் பத்துப் பதினைந்து வெடிப்பு. அதில் ஒன்று உள்ளே இறங்கிப் பிளேடின் பாதி அகலத்துக்குக் கறுத்துக் கிடக்கிறது. நேற்று ஒரு கழிவு பிளேடில் இரண்டு துளை போட்டேன். ஒன்றை முழுக்கத் தேய்த்தேன், மற்றதை அப்படியே விட்டேன். வைஸில் பிடித்து இரண்டையும் ஒரே மாதிரி வளைத்து வளைத்து நிமிர்த்தினேன். தேய்க்காத துளை நாற்பத்தொன்றாவது தரம் முறிந்தது. தேய்த்தது இருநூறுக்கு மேலும் நின்றது. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி.

ஐப்பசி முதல் வாரம் பூட்டி ஓட்டத் தொடங்கிவிட்டோம், உங்கள் வேலைதான் மாமா, அருமையாக ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைத் தெருவில் பத்துப் பேருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது அந்த மிஷின் பக்கத்தில் நீங்கள் தினம் எட்டு மணி நேரம் நிற்கிறீர்கள் என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. சூப்பரின்டெண்ட் நிறுத்த மறுத்தால் டியூட்டிக்குப் போகாதீர்கள். வேலை போனால் போகட்டும். பொன்னியையும் அழைத்துக்கொண்டு இங்கே வந்துவிடுங்கள்.

பொன்னியின் அம்மா மங்கலம் திருவந்திபுரம் போயிருக்கிறாள். தீபாவளிச் சேலை வந்து சேர்ந்ததா என்று கேட்டு எழுதச் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. கெடிலம் ஆற்றில் தண்ணீர் நிறையப் போகிறது. பட்டறையை மூடிவிட்டேன்.

இதைத் தபாலில் சேர்த்துவிட்டுச் சிதம்பரம் போகிறேன். தங்கராசு வேகமாக ஓட்டவில்லை என்று போலீஸில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். உடைந்த துண்டும் கையில் இருக்கிறது. உள்ளே வைத்தால் வைக்கட்டும். அதற்காகத் தொழில் தெரியாதவன் என்று எவனாவது சொன்னால் அங்கேயும் சண்டை போடுவேன். தெரிந்த தொழிலில்தான் தப்புச் செய்தேன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தேன். அந்த வரி எனக்கு எழுத வரவில்லை. நீங்களும் பொன்னியும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். இது கிடைத்ததும் ஒரு கார்டு போடுங்கள். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள். பொன்னியை எழுதச் சொல்ல வேண்டாம், ஆபீஸிலிருந்தும் யாரும் எழுத வேண்டாம். உங்கள் கையெழுத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
கா. சுப்பராயலு